சாகத் தெரிந்த செல்கள்



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், “குழந்தைகளைப் பற்றிய கூட்டத்துக்கு இப்படியா தலைப்பு வைப்பார்கள்?” என்று கடிந்துகொண்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவது குழந்தையின் மூச்சுக்குழாய் உட்சுவரில் இருக்கும் செல்களின் சாவைப் பற்றி. அவை சாவது பெரும்பாலும் நல்லதற்குத்தான். செத்தவை அள்ளப்படாமல் கிடப்பதும், செத்தவற்றின் இடத்துக்குப் புதியவை வந்து சேராமல் போவதும்தான் கெடுதல். இன்று நான் சொல்லவிருப்பது இவ்வளவுதான். மீதி நேரம் அதற்கு ஆதாரம் காட்டவும், இந்த வடசென்னை வட்டாரத்தில் அதை எப்படி ஆராயலாம் என்று உங்களோடு யோசிக்கவும்.

வளர்ந்த ஒரு மனிதரின் உடம்பில் நாளொன்றுக்கு ஐயாயிரம் கோடிக்கு மேல் செல்கள் சாகின்றன என்பது பாடநூல் கணக்கு. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சீழ் இல்லை. நமக்குத் தெரிவதே இல்லை. இந்தச் சத்தமில்லாத சாவை நுண்ணோக்கியில் பொறுமையாகக் கவனித்தவர் ஜான் கெர் என்ற ஆஸ்திரேலிய நோய்க்கூறியல் மருத்துவர். எலியின் கல்லீரலில் சில செல்கள் வெடிக்காமல் சுருங்கி, சிறு உருண்டைகளாகப் பிரிந்து, பக்கத்துச் செல்களால் விழுங்கப்படுவதை அவர் 1960களில் கண்டார். 1972இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி இருவரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அதற்கு அப்பாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கட்டுரையைப் பல ஆண்டுகள் அதிகம் பேர் சீந்தவில்லை.

சீந்த வைத்தது ஒரு புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம், உடம்பு கண்ணாடி. அது வளரும்போது 1,090 உடல் செல்கள் பிறக்கின்றன. அவற்றில் 131 செல்கள், எப்போதும் அதே 131 செல்கள், குறித்த நேரத்தில் செத்துவிடுகின்றன. மிஞ்சுவது 959. இதை ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர்ந்து எண்ணியவர் ஜான் சல்ஸ்டன். எந்தெந்த மரபணுக்கள் இந்தச் சாவுக்கு உத்தரவிடுகின்றன என்று கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹார்விட்ஸ். அந்தப் புழுவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தவர் சிட்னி பிரென்னர். 2002இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புழுவில் கண்ட அந்த மரபணுக்களின் உறவுக்காரர்கள் நம் உடம்பிலும் இருக்கிறார்கள். கருவில் ஒட்டியிருந்த நம் விரல்கள் பிரிந்தது அவர்கள் தயவால்தான்.

செல் சாவதில் இரண்டு வகையை மட்டும் இன்று பார்ப்போம். இன்னும் நாலைந்து வகைகள் உண்டு. மாணவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொள்ளட்டும்.

காசிமேட்டில் பழைய படகைப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினைக் கழற்றி, டீசலை வடித்து, பலகை பலகையாக எடுத்து, ஆணியைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் அங்கே ஒரு படகு நின்றதற்கு அடையாளம் இருக்காது. அதே படகு புயலில் தூண்டில் வளைவுக் கல்லில் மோதி உடைந்தால் டீசல் தண்ணீரெங்கும் பரவும், உடைந்த பலகை பக்கத்துப் படகையும் இடிக்கும். முதலாவது திட்டமிட்ட இறப்பு, அதாவது அப்பாப்டோசிஸ். இரண்டாவது நெக்ரோசிஸ்: செல்லின் சவ்வு கிழிந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டும் சாவு. கொட்டியதைக் கண்டு நோயெதிர்ப்புப் படை ஓடிவரும். வீக்கம், சிவப்பு, சளி, வலி எல்லாம் அதன் பிறகு.

திட்டமிட்ட இறப்பில் வேலை நடக்கும் முறை அழகானது. காஸ்பேஸ் என்ற நொதிகள் உள்ளிருக்கும் புரதங்களைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டுகின்றன. டி.என்.ஏ. ஒழுங்கான அளவுகளில் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. சவ்வின் உள்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்படிடைல்செரின் என்ற கொழுப்பு மூலக்கூறு வெளிப்பக்கம் திரும்புகிறது. விழுங்கும் செல்களுக்கு அதுதான் அழைப்பு. சாகும் செல் தன்னைத் தேடிவரச் சொல்லி ஏ.டி.பி. போன்ற மூலக்கூறுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது.

இந்தத் தேடிவரச் சொல்லும் செய்தியைக் கண்டறிந்த ஆய்வுக்குழுவின் தலைவர் பெயரை இங்கே சொல்லாமல் போனால் ஊர்க்குற்றம் ஆகிவிடும். கோடி ரவிச்சந்திரன். நாம் கூடியிருக்கும் இடத்திலிருந்து அதிக தூரமில்லாத வேப்பேரியில், மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். செத்த செல்களை உடம்பு எப்படி அப்புறப்படுத்துகிறது என்பதையே வாழ்நாள் கேள்வியாக எடுத்துக்கொண்டார். 2009இலும் 2010இலும் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரைகளில் அந்தச் செய்தி மூலக்கூறுகளும், அவை வெளியேறும் சவ்வு வாசலும் விளங்கின. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2013இல் அதே இதழில் அவர் குழு வெளியிட்ட இன்னொன்று. அதுவரை, செத்த செல்லை விழுங்குவது மேக்ரோபேஜ் என்ற தனிப் படையின் வேலை என்றே பெரும்பாலும் நினைத்துக்கொண்டிருந்தோம். மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்களே, பக்கத்தில் செத்துக் கிடக்கும் தங்கள் இனத்தை விழுங்குகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். அந்தத் திறனை மட்டும் எலிகளிடமிருந்து நீக்கிவிட்டு வீட்டுத்தூசிப் பூச்சியின் புரதத்தை மூக்கில் விட்டபோது மூச்சுக்குழாய் அழற்சி அதிகமானது. அழற்சியை அடக்கும் ஐ.எல்.-10 குறைந்திருந்தது, அதை மூக்கு வழியே திருப்பிக் கொடுத்ததும் அழற்சி தணிந்தது. சாகும் செல்களின் எண்ணிக்கை அல்ல, அள்ளும் வேகம்தான் இங்கே தீர்மானிக்கிறது.

அள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? ஒழுங்காகப் பிரிந்த செல்லும் நேரம் கடந்தால் சவ்வு கிழிந்து உள்ளிருப்பதைக் கொட்டிவிடும். இரண்டாம் நிலை நெக்ரோசிஸ் என்பார்கள். திட்டமிட்ட இறப்பாகத் தொடங்கி, விபத்தாக முடிகிறது.

இனிக் குழந்தையிடம் வருவோம்.

மூக்கிலிருந்து நுரையீரலின் சிறுகிளைகள் வரை ஓடும் உட்சுவரில் குற்றிழை கொண்ட செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இருநூறுக்கு மேல் குற்றிழைகள். நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அசைந்து சளியைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். இடையிடையே சளி சுரக்கும் செல்கள். எல்லாவற்றுக்கும் அடியில், செத்தவற்றின் இடத்தை நிரப்பக் காத்திருக்கும் அடிச்செல்கள். பெரியவருக்கும் குழந்தைக்கும் ஏற்பாடு ஒன்றுதான். வித்தியாசம் குழாயின் அகலத்தில். 4 மி.மீ. அகலக் குழாயில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் 2 மி.மீ. மிஞ்சும், காற்று போகத் தடை 16 மடங்காகும். 8 மி.மீ. குழாயில் அதே வீக்கம் வந்தால் தடை மூன்று மடங்குதான். பாட்டிக்கு வெறும் சளியாக இருக்கும் கிருமி பேரனுக்கு நெஞ்சு உள்வாங்கும் அளவுக்கு முற்றுவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. பேரன் நிமிடத்துக்கு முப்பது நாற்பது தடவை மூச்சு விடுகிறான். எடைக்கு எடை பார்த்தால் பாட்டியைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறான். தரைக்கு அருகே இருக்கிறான். அவன் நுரையீரல் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை: பெரியவருக்குச் சராசரி 48 கோடி காற்றுப்பைகள் என்று 2004இல் ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது, பிறந்த குழந்தைக்கு அதில் சிறு பங்குதான்.

குழந்தை வார்டில் வேலை பார்க்கும் யாருக்கும் தெரிந்த பேச்சு இது: “மாசா மாசம் இதே ரோதனை டாக்டர். நெபுலைசர் வெச்சா ரெண்டு நாள் நல்லா இருக்கான். மறுபடி நெஞ்சு களகளங்குது.” அந்தக் களகளப்பில் பெரும் பங்கு வைரஸுக்கு. கைக்குழந்தைகளை அதிகம் படுத்தும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் 1956இல் முதலில் சிம்பன்சிகளிடம் கண்டறியப்பட்டது. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 3.3 கோடிப் பேருக்கு அது நெஞ்சில் இறங்கியது. ஒரு லட்சத்துக்கு மேல் இறப்பு. அதில் பெரும்பங்கு நம்மைப் போன்ற நாடுகளில். இது உலகக் கணிப்பு.

வைரஸுக்கும் செல்லுக்கும் நடக்கும் இழுபறியைக் கவனியுங்கள். வைரஸ் நுழைந்ததும் செல் தன்னைத்தானே முடித்துக்கொண்டால் வைரஸுக்கு வீடு போய்விடும். எனவே ஆர்.எஸ்.வி. தன் என்.எஸ்.1, என்.எஸ்.2 என்ற இரு புரதங்களால் அந்தச் சாவைத் தள்ளிப் போடுகிறது. 2007இல் சைலன் பாரிக்கின் குழு இதைக் காட்டியது. 2014இல் வேறொரு குழு, அதே என்.எஸ்.2 குற்றிழைச் செல்களை உருண்டையாக்கிச் சுவரிலிருந்து உதிர்க்கிறது, உதிர்ந்தவை சிறுகுழாய்களில் போய் அடைக்கின்றன என்று காட்டியது. அதாவது, சாக வேண்டிய நேரத்தில் சாக விடாமல் வைத்திருந்து, பிறகு மொத்தமாக உதிர்த்து, அந்தக் குப்பையாலேயே குழாயை அடைக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2005இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பீட்டர் வார்க்கும் உடனிருந்தவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களை வளர்த்து ரைனோ வைரஸை, நம் சாதாரண ஜலதோஷ வைரஸை, விட்டுப் பார்த்தார்கள். ஆரோக்கியமானவரின் செல்கள் சீக்கிரம் செத்தன, வைரஸ் பெருகவில்லை. ஆஸ்துமாக்காரரின் செல்கள் சாகத் தயங்கின, வைரஸ் பெருகிக் கொட்டியது. இன்டர்ஃபெரான்-பீட்டா என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைக் கொடுத்ததும் செல்கள் சாகக் கற்றுக்கொண்டன. செல் சாவதையே நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது இந்தக் கட்டுரைதான்.

இத்தனையும் ஆய்வுக்கூடத்துச் சங்கதி. இனி நம் தெருவுக்கு வருகிறேன்.

ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு ஜன்னல் கம்பியில் படிந்த கரித்தூள் ஞாபகம் இருக்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாண்ட காலம். உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2011இல் அது அங்கே நின்றது; நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துக்கு நிம்மதி. தூசி வடக்கே நகர்ந்ததே தவிர ஒழியவில்லை. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள். 1970இல் ஓடத் தொடங்கிய பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டும் வல்லூரும் ஓடுகின்றன. அனல்மின் நிலையப் புகைக்கு 2015இல் மத்திய அரசு கொண்டுவந்த வரம்புகளின் காலக்கெடு எத்தனை தடவை தள்ளிப்போனது என்று செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மணலியில் 1960களிலிருந்து சுத்திகரிப்பு ஆலை, கூடவே உரத் தொழிற்சாலை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் மணலி இருந்தது. இவற்றோடு விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரை வரிசை கட்டும் டிரெய்லர்களின் டீசல் புகை, கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் தீப்பிடிக்கும் நாட்கள். பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள் என்று சொன்னால்கூட, சில நாட்களுக்கு அது பெருந்தன்மையான கணக்கு.

செய்தியாவது வேறு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. மக்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள்; பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அப்போதெல்லாம் ஆம்புலன்ஸ் வருகிறது, அமைச்சர் வருகிறார், தொலைக்காட்சி வருகிறது. வரத்தான் வேண்டும்.

அம்மோனியா தண்ணீரில் உடனே கரையும். மூக்கு, தொண்டையின் ஈரத்தில் கரைந்து காரமாகிச் செல்லின் சவ்வை நேரடியாக அரிக்கும். அது நெக்ரோசிஸ்: கண் எரிச்சல், இருமல், மூச்சுத்திணறல் எல்லாம் நிமிடங்களில். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதலாம், தலை எண்ணலாம், இழப்பீடு கேட்கலாம். நுண்துகளின் வேலை அப்படி இல்லை. துகளோடு ஒட்டிவரும் உலோகங்களும் கரிமச் சேர்மங்களும் செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகின்றன. எண்ணெய் எரித்த சாம்பலில் வனேடியம், நிக்கல் அதிகம். அவை இந்த வேலையில் பேர் போனவை. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் செல் தன் திட்டப்படி ஒழுங்காகச் சாகிறது. இருமல் இல்லை, மயக்கம் இல்லை, சீட்டு இல்லை. நம் ஊரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வகைச் சாவுக்குத்தான் பத்தி இருக்கிறது.

ஒழுங்காகச் சாவது நல்லது என்றுதானே சொன்னீர்கள், பிறகென்ன என்று கேட்பீர்கள். அதே புகை, அள்ள வேண்டிய படையையும் முடக்கிவிடுகிறது. 2003இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சாண்ட்ரா ஹாட்ஜ் குழு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளின் மேக்ரோபேஜ்கள் செத்த மூச்சுக்குழாய்ச் செல்லை விழுங்கத் திணறுவதைக் கண்டது; அந்த நோய்க்கு முதல் காரணம் புகையிலைப் புகை. குழந்தைகளிடம்? 2006இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் நீதா குல்கர்னியும் ஜொனாதன் கிரிக்கும் 114 ஆரோக்கியமான பிள்ளைகளைச் சளி துப்பச் சொன்னார்கள். 64 பேரிடம் போதுமான மேக்ரோபேஜ்கள் கிடைத்தன. ஒவ்வொரு மேக்ரோபேஜுக்குள்ளும் விழுங்கிய கரி எத்தனை சதுர மைக்ரான் என்று அளந்தார்கள். ஒரு சதுர மைக்ரான் கூடினால், ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு 17 சதவீதம் குறைந்தது. அந்தப் பிள்ளைகளில் யாரும் நோயாளி இல்லை. லெஸ்டர் ஒன்றும் எண்ணூரும் இல்லை. 2008இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில், ஆஸ்துமா கட்டுக்குள் வராத பிள்ளைகளின் மேக்ரோபேஜ்கள் கிருமியை விழுங்குவதிலேயே பலவீனமாக இருந்ததும் தெரியவந்தது.

ஆக, ஒரே புகை உட்சுவர்ச் செல்களை வேகமாகச் சாகவைக்கிறது. அள்ளும் கையில் கரியைத் திணிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஆர்.எஸ்.வி. வந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்து வடசென்னையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

கேட்பது எப்படி? செல் வேண்டும். சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயிலிருந்து செல் எடுக்க யார் மனம் துணியும்? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு வழி கண்டார்கள். டான்சில் போன்ற வேறு அறுவைக்காக மயக்கம் கொடுத்திருக்கும் குழந்தைக்கு, பெற்றோர் முன்கூட்டியே சம்மதித்திருந்தால், மூச்சுக்குழாய்க்குள் சிறு தூரிகையை விட்டு ஒரு தடவு. அந்தச் செல்களை நுண்துளைச் சவ்வின் மேல் வளர்த்து, மேற்பக்கம் காற்றுப் படும்படி மூன்று நான்கு வாரம் வைத்தால் குற்றிழை அசையும் உட்சுவரே பாத்திரத்தில் உருவாகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் செல்கள் கீறலை ஆற்ற அதிக நேரம் எடுக்கின்றன என்பதை அந்தோனி கிசிச், ஸ்டீபன் ஸ்டிக் குழு இப்படித் தூரிகையில் எடுத்த செல்களில்தான் கண்டது. என் வாதத்தின் இரண்டாம் பாதி, அதாவது இடம் நிரம்பாமல் போவது, இதுதான்.

நமக்கு மூக்கு போதும் என்பது என் கருத்து. மூக்கின் உட்சுவரும் கீழே இருக்கும் குழாயின் உட்சுவரும் பெருமளவு ஒன்று. தூரிகையால் சில நொடிகள். கண்ணில் தண்ணீர் வரும், ஒரு தும்மல், மயக்க மருந்து வேண்டாம். மெக்சிகோ நகரத்தில் லிலியன் கால்டெரோன்-கார்சிதுவேன்யாஸ் 1990களில் பள்ளிப் பிள்ளைகளின் மூக்குச் செல்களை எடுத்து டி.என்.ஏ. இழைகள் முறிந்திருப்பதைக் காட்டினார். புகை குறைந்த கடலோர ஊர்ப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் காட்டினார். அந்த ஒப்பீடு இல்லாமல் எந்த எண்ணும் வெறும் எண்.

இங்கே மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தூரிகையே செல்லைக் கொல்லும். சுவரை விட்டுப் பிரிந்த செல், பிரிந்த காரணத்தாலேயே சாகத் தொடங்கும். மூக்கிலிருந்து எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, போக்குவரத்து நெரிசலில் மூன்று மணி நேரம் கழித்து ஆய்வுக்கூடத்தில் சாகும் செல்லைக் காட்டும் அனெக்சின் சாயம் போட்டு, “ஆகா, நாற்பது சதவீதம் சாகின்றன” என்று கட்டுரை எழுதினால் அது எண்ணூர்க் காற்றைப் பற்றிய கட்டுரை ஆகாது; வண்டி ஓட்டியவரைப் பற்றிய கட்டுரை. அதனால் எடுத்த இடத்திலேயே, எடுத்த நொடியிலேயே செல்லை வேதிப்பொருளில் நிலைநிறுத்த வேண்டும். கெரட்டின்-18 என்ற புரதத்தைக் காஸ்பேஸ் வெட்டிய இடத்தை மட்டும் அடையாளம் காணும் எம்30 என்ற எதிர்ப்பொருள் உண்டு. உட்சுவர்ச் செல்லின் திட்டமிட்ட இறப்பை மட்டும் அது காட்டிக்கொடுக்கும். அதோடு மேக்ரோபேஜின் கரியையும் அளக்க வேண்டும். சாவும் அள்ளுதலும் ஒரே குழந்தையில் ஒரே நாளில்.

யாரை யாரோடு ஒப்பிடுவது? எண்ணூர்க் குழந்தையை அடையாற்றுக் குழந்தையோடு ஒப்பிட்டால் காற்றோடு சோறு, வீடு, தடுப்பூசி, அப்பாவின் பீடி எல்லாம் கலந்துவிடும். இங்கே கடல் தொழில் செய்கிறவர்களிடம் கற்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வாடை அடிக்கும் மாதங்களில் காற்று வடக்கிலிருந்து. அத்திப்பட்டுப் புகை கத்திவாக்கம், எர்ணாவூர் வழியாகத் திருவொற்றியூருக்கு இறங்கும். தென்றல் மாதங்களில் அதே புகை எதிர்ப்பக்கம் போகும். எனவே ஒரே குழந்தையை வாடையில் ஒரு தடவை, தென்றலில் ஒரு தடவை பார்க்கலாம். வீடும் சோறும் அப்பாவும் மாறவில்லை. காற்று மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் வாடை மாதம் மழை மாதம். மழை மாதம் வைரஸ் மாதம். அதனால் ஒவ்வொரு தடவையும் அதே மூக்கில் வைரஸ் சோதனையும் செய்ய வேண்டும். அனல்மின் நிலையம் இல்லாத இன்னொரு மீனவக் கிராமத்துப் பிள்ளைகளையும் அதே இரு பருவங்களில் பார்க்க வேண்டும். இதற்குச் செலவாகும். ஒரு டிரெய்லரின் விலைக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போதே ஒரு பயமும் இருக்கிறது. “ஆய்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று சொல்வதற்கு நம்மிடம் அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்காகச் சொல்கிறேன்: தெற்குக் கலிபோர்னியாவில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர்கள், அழுக்குக் காற்றில் நுரையீரல் குறைவாக வளர்கிறது என்று 2004இலேயே காட்டிவிட்டார்கள். காற்று சுத்தமானதும் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்ததையும் 2015இல் காட்டினார்கள். சாம்பல் குளத்தை மூடவும், புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி வைக்கவும், டிரெய்லரைப் பள்ளி வாசலிலிருந்து திருப்பிவிடவும் மூக்குத் தூரிகை தேவையில்லை.

அப்படியானால் தூரிகை எதற்கு? ஓர் ஆய்வு தந்த எச்சரிக்கைக்காக. விறகடுப்புக்குப் பதில் எரிவாயு அடுப்பு கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு; நான்கு நாடுகள், 3,200 கர்ப்பிணிகள்; தமிழ்நாட்டில் விழுப்புரமும் நாகப்பட்டினமும்; போரூர் ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் அதை நடத்தியவர்களில் ஒருவர். வீட்டுப் புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் கைக்குழந்தைகளின் கடும் நிமோனியா குறையவில்லை என்று 2024இல் முடிவு வந்தது. மனம் சோரவைக்கும் முடிவுதான். அதை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதில் எனக்கு மரியாதை. எந்த வயதில், எந்த அளவுக்குக் கீழே போனால், எத்தனை மாதம் கழித்துக் குழந்தையின் உட்சுவர் தேறும் என்பது வெளிக்காற்றை அளந்தால் தெரியாது. செல்லைக் கேட்டால்தான் தெரியும். புகையை இன்று குறைப்போம். குறைத்தது போதுமா என்று கேட்கத் தூரிகையைக் கையில் வைத்திருப்போம்.

கடைசியாக, செல்லைத் தரும் வீட்டாரைப் பற்றி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் தனியாகவும் கேட்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை அழுது தலையைத் திருப்பினால், விதியில் இல்லாவிட்டாலும், தூரிகையைக் கீழே வைக்க வேண்டும் என்பேன். ஒப்புதல் படிவம் இந்தத் தெருவில் பேசும் தமிழில் இருக்க வேண்டும். மீந்த செல்களைத் திரவ நைட்ரஜனில் வைத்துப் பின்னால் வேறு ஆய்வுக்கு எடுக்கலாமா என்பது அதில் தனிக் கேள்வியாக, தனிக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். மற்றதற்குச் சரி என்று சொல்லி இதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லவும் வழி வேண்டும். உங்கள் பிள்ளைக்குச் சாகும் செல்களின் எண்ணிக்கை அதிகம் என்று ஒரு தாயிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு வருவது எந்த வகையிலும் சரியல்ல. அவர் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு அடையாறுக்குப் போக முடியாது. ஒவ்வொரு குழந்தையின் முடிவும், தொடர்ந்து பார்க்கப்போகும் மருத்துவர் நேரில் இருக்கும்போது அந்த வீட்டாருக்குச் சொல்லப்பட வேண்டும். தெருவின் மொத்த முடிவு, அந்த மாதக் காற்று அளவோடு சேர்த்து, வார்டு அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். கட்டுரை வெளிநாட்டு இதழில் வருவதற்கு முந்தைய நாளே.